எட்டாம் நாள் துவைத்தால் போதும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், நானும் என் மனைவியும் ஆளுக்கு ஏழு கிலோவுக்குள் அடங்கிய ஒரே ஒரு முதுகுப்பையோடு ஏழு மாதம் உலகைச் சுற்றி வந்ததைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மார்ச்சில் சென்னையிலிருந்து கிளம்பி கோலாலம்பூர், ஜப்பான், கலிஃபோர்னியா, பெரு, ஸ்பெயின், போர்ச்சுகல், துருக்கி என்று கிழக்குப் பக்கமாகவே போய், அக்டோபரில் மேற்கிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். அந்த ஊர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, வந்த கடிதங்கள் அத்தனையும் பையைப் பற்றித்தான். "பொய் சொல்லாதீர்கள்" என்று ஒற்றை வரியில் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்கள்.

ஏழு மாதத்துக்கு ஏழு கிலோ என்றால் கணக்கு உதைக்கிறதே சார். ஒரு வாரம் ஊட்டிக்குப் போனாலே எங்கள் வீட்டில் மூன்று பெட்டி. உள்ளே என்னதான் வைத்திருந்தீர்கள்?
(திண்டுக்கல் வாசகர்)

மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் உதைக்கத்தான் செய்யும். நாங்கள் எடுத்துப்போனது ஒரு வாரத் துணி. எட்டாம் நாள் துவைத்துப் போட்டால் மறுபடி ஒரு வாரம் ஓடும், அப்படியே முப்பது வாரம் ஓட்டினோம். ஊட்டிக்குப் போகிறவருக்கும் உலகைச் சுற்றுகிறவருக்கும் ஒரே அளவு துணி போதும் என்றால் யாரும் நம்புவதில்லை, முதலில் நானும் நம்பவில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் இத்தாலிக்குப் போனபோது ஆளுக்கொரு 23 கிலோ பெட்டி. வெனிஸில் கார் கிடையாது, ஆட்டோ கிடையாது, இருப்பது நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு வேறு. ரயில் நிலையத்திலிருந்து தங்குமிடம் போவதற்குள் ஐந்து பாலம் ஏறி இறங்க வேண்டியிருந்தது, நாலாவது பாலத்தில் என் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று உருண்டு கால்வாயில் விழுந்தது. அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால், ரோமிலிருந்த நான்கு நாளும் கை படாத துணி பாதிக்கு மேல், வைத்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு என் மனைவி பார்த்த பார்வையில்தான் எனக்குப் புத்தி வந்தது.

சரி, உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். 40 லிட்டர் பை, வெறும் பையே ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நான் போட்டிருந்தது போக ஒரு பேன்ட், மூன்று மெல்லிய சட்டை, மெரினோ கம்பளியில் ஒரு முழுக்கைச் சட்டை, உள்ளாடை ஐந்து செட், சாக்ஸ் மூன்று ஜோடி, 300 கிராம் எடையில் இறகு அடைத்த ஜாக்கெட், மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு, ஒரு கைலி (திருநெல்வேலிக்காரர்கள் சாரம் என்பார்கள்), ஓர் ஈரிழைத் துண்டு. இதோடு மருந்து, சார்ஜர், காகிதங்கள், சோப்பு. ஜீன்ஸ் எடுக்கவில்லை, அது ஒன்றே முக்கால் கிலோ வரை வரும், நனைந்தால் இரண்டு நாள் காயாது. கிளம்பிய அன்று என் பை 6 கிலோ 400 கிராம், மனைவியின் பை 5 கிலோ 900.

ஏன் ஏழு கிலோ என்கிறேன் என்றால், ஆசியாவின் பல விமான நிறுவனங்களில் கையோடு உள்ளே கொண்டுபோகும் கைப்பைக்கு அதுதான் வரம்பு. அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் எடை பார்ப்பதில்லை, அளவைத்தான் பார்ப்பார்கள். ஐரோப்பாவின் மலிவு விமானங்களில் ஓர் இரும்புச் சட்டத்துக்குள் பையைத் திணித்துக் காட்டச் சொல்வார்கள், உள்ளே போகவில்லையென்றால் டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் அபராதம் கேட்பார்கள். அதனால் வழியில் இருப்பதிலேயே கறாரான விமானம் எதுவோ அதற்குத்தான் பை கட்ட வேண்டும்.

சக்கரப் பெட்டியா, முதுகுப்பையா?
(சேலம் கல்லூரி மாணவர்)

முதுகுப்பைதான் தம்பி. காரணம் மேலே, கால்வாயில் கிடக்கிறது. முதுகு வலி உள்ளவர்கள் மட்டும் சிறிய சக்கரப் பெட்டி எடுக்கலாம், ஆனால் சக்கரமும் கைப்பிடிக் கம்பியும் சேர்ந்து ஏழு கிலோவில் இரண்டு கிலோவை விழுங்கிவிடும் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

துவைப்பது என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். ஹோட்டல் அறையில் எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது? கல்லும் இல்லை, கொடியும் இல்லை.
(மதுரை இல்லத்தரசி)

அம்மா, நல்ல கேள்வி, இதுதான் மொத்தப் பயணத்துக்கும் அச்சாணி. உள்ளாடையும் சாக்ஸும் தினமும் குளிக்கும்போதே அலசிவிட வேண்டும், சேர்த்து வைக்கவே கூடாது. சட்டையைத் துவைத்ததும் முறுக்கிப் பிழியாதீர்கள். ஈரிழைத் துண்டை விரித்து, அதன் மேல் ஈரச் சட்டையைப் போட்டு, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, காலால் மிதியுங்கள். தண்ணீர் அத்தனையும் துண்டுக்குப் போய்விடும். துண்டைப் பிழிந்து மறுபடி ஒரு சுருட்டு. மெல்லிய செயற்கை இழைச் சட்டை மறுநாள் காலையில் காய்ந்திருக்கும். நம் கனமான பருத்தி பனியன் குளிர் நாட்டில் காயவே காயாது, வியர்வைக்கு இதம் என்று நான்கு எடுத்துப் போய் இரண்டை ஒசாகாவில் தரை துடைக்க விட்டுவிட்டு வந்தேன்.

பெரிய துவைப்புக்கு வாரம் ஒரு முறை கடை. ஜப்பானில் சாதாரண பிசினஸ் ஹோட்டல்களில்கூட காசு போட்டால் ஓடும் மெஷின் இருக்கும், சில நூறு யென்னில் வேலை முடிந்துவிடும். பெருவின் கூஸ்கோ ஊரில் தெருவுக்கு ஒரு லாவண்டெரியா, கிலோ கணக்கில் நிறுத்து வாங்கிக்கொண்டு மாலையில் மடித்துக் கொடுக்கிறார்கள். இஸ்திரியை மட்டும் மறந்துவிடுங்கள். ஏழு மாதம் கசங்கிய சட்டையோடு திரிந்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை, ஊர் திரும்பியதும் மாமியார்தான் கேட்டார்.

வெயில் நாடு, பனி நாடு எல்லாம் ஒரே பயணத்தில் வருகிறது. இரண்டுக்கும் துணி எடுத்தால் ஏழு கிலோவில் எப்படி அடங்கும்?
(கோயம்புத்தூர் வாசகர்)

முதல் வேலை பையில் இல்லை, வரைபடத்தில். டிக்கெட் போடும்போதே வெயிலைத் துரத்திக்கொண்டு போகிற மாதிரி பாதை போட்டால் பாதி எடை குறைந்துவிடும். ஏப்ரலில் ஜப்பான், மே மாதம் கலிஃபோர்னியா, ஆகஸ்ட் செப்டம்பரில் ஐரோப்பா. இதில் குளிர் மாட்டியது ஒரே இடத்தில்தான்: ஜூனில் கூஸ்கோ. பூமத்திய ரேகைக்குக் கீழே அப்போது குளிர்காலம், ஊரே 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரி பூஜ்ஜியத்தைத் தொடும் குளிர்.

அந்த மூன்று வாரக் குளிருக்காக மற்ற ஆறு மாதமும் ஸ்வெட்டரைச் சுமப்பதா? அங்கே சான் பெட்ரோ சந்தையில் அல்பாக்கா கம்பளி ஸ்வெட்டர் ஒன்று பேரம் பேசி வாங்கினேன். குளிர் இருக்கிற ஊரில் குளிருக்கான துணி நம் ஊரைவிட நன்றாகவும் மலிவாகவும் கிடைக்கும் என்பது யோசித்தால் சாதாரண விஷயம்தான், பெட்டி கட்டும் இரவில் மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. காத்மாண்டுவின் தமேல் பகுதியில் மலையேறுகிறவர்களுக்கான ஜாக்கெட்டும் உறக்கப் பையும் வாடகைக்கே கிடைக்கிறது.

மற்ற இடங்களில் அடுக்கடுக்காகப் போடுவதுதான்: மெல்லிய சட்டை, அதன் மேல் மெரினோ, அதன் மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு. நான்கையும் சேர்த்துப் போட்டால் நான் தேர்தல் சமயத்து பலூன் மாதிரி இருப்பேன், ஆனால் குளிராது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. கோலாலம்பூரில் ஓர் இடத்தில் பையை நிறுத்தபோது, வாங்கிப் போட்ட சாமான்களால் 8 கிலோ 300 காட்டியது, பணம் கட்டச் சொன்னார்கள். ஓரமாகப் போய் நான்கையும் போட்டுக்கொண்டு, பாக்கெட் நிறைய சார்ஜரும் பவர் பேங்கும் அடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டார், பணம் கேட்கவில்லை.

ஆண்கள் இரண்டு சட்டையில் ஓட்டிவிடுவீர்கள். பெண்களுக்கு இதெல்லாம் நடக்குமா? புடவை எடுத்துப் போகலாமா?
(தஞ்சாவூர், ஓய்வு பெற்ற ஆசிரியை)

எங்கள் இருவரில் லேசான பை என் மனைவியுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அவரைவிடப் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார்.

1889 நவம்பர் 14 அன்று நெல்லி பிளை என்ற 25 வயது அமெரிக்கப் பத்திரிகையாளர், நியூயார்க் பக்கத்திலிருந்து தன்னந்தனியாகக் கப்பலேறி உலகைச் சுற்றக் கிளம்பினார். பெண் என்றால் பத்துப் பதினைந்து டிரங்குப் பெட்டி வேண்டும், அதனால் ஆணைத்தான் அனுப்ப வேண்டும் என்று பத்திரிகை அலுவலகத்தில் முதலில் தயங்கியிருக்கிறார்கள். அவர் எடுத்துப் போனது உடுத்தியிருந்த ஒரே கவுன், ஓர் ஓவர்கோட்டு, 16 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் உள்ள ஒரு கைப்பை. அதற்குள் இரண்டு தொப்பி, மூன்று முகத்திரை, உள்ளாடைகள், செருப்பு, மைக்கூடு, பேனா, ஊசி, நூல், தண்ணீர் குடிக்க ஒரு கோப்பை. நம் பக்கத்துக் கொழும்பில் அடுத்த கப்பலுக்காக ஐந்து நாள் காத்துக் கிடந்தார், சிங்கப்பூரில் ஒரு குரங்கை வேறு விலைக்கு வாங்கிக்கொண்டார். 72 நாளில் வீடு திரும்பிவிட்டார்.

ஏன் எடுத்தோம் என்று அவர் நொந்துகொண்ட பொருள் ஒன்றே ஒன்று: ஒரு ஜாடி முகக் கிரீம். பையை மூட விடாமல் வழியெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததாம். இன்றைக்கு என்றால் அந்த ஜாடியைச் சோதனையிலேயே பிடுங்கியிருப்பார்கள். 2006-இல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டதிலிருந்து, பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேல் கூடாது, எல்லாம் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். என் மனைவி இதற்குக் கண்டுபிடித்த வழி சோப்புக் கட்டியும் சீயக்காய்த் தூளும். இரண்டும் திரவமில்லை, கொட்டவும் கொட்டாது.

புடவையா? ஒன்று எடுக்கலாம், அதுவும் கிரேப் மாதிரி கசங்காதது. பாவாடை, ரவிக்கை எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காஞ்சிபுரம் பட்டு வேண்டவே வேண்டாம் அம்மா, அரைக் கிலோவுக்குக் குறையாது, துவைக்கவும் முடியாது. நகை கழுத்தில் நிறைய இருந்தால், கிளம்பும்போதே இங்கே சுங்கத்தில் காட்டி, இது நாங்கள் கொண்டுபோவது என்று சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது வாதாட வேண்டியிருக்காது. அதைவிடச் சுலபம் வீட்டில் வைத்துவிட்டுப் போவது.

எனக்கு 63 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மருந்து மட்டுமே ஒரு கிலோ வருகிறது. அதையும் குறைக்கச் சொல்வீர்களோ?
(நாகர்கோவில் வாசகர்)

ஐயா, மாட்டவே மாட்டேன். துணியில் எவ்வளவு கஞ்சத்தனம் பண்ண வேண்டுமோ அவ்வளவு தாராளம் மருந்திலும் மூக்குக் கண்ணாடியிலும் பண்ண வேண்டும். சட்டை போனால் எந்த ஊரிலும் சட்டை கிடைக்கும். உங்கள் பிரஷர் மாத்திரை அதே அளவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் என்பதற்கு எந்த ஊரிலும் உத்தரவாதம் கிடையாது.

மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள், டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், சோதனையில் இது என்ன மாத்திரை என்று கேட்டால் அட்டைதான் பேசும். மருத்துவரிடம் ஆங்கிலத்தில், கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரைப் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெயர்கள் அங்கே யாருக்கும் தெரியாது. பாராசிட்டமால் என்று கேட்டாலே அமெரிக்காவில் சில கடைகளில் விழிப்பார்கள், அங்கே அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். மொத்தத்தையும் இரண்டாகப் பிரித்துப் பாதியை உங்கள் பையிலும் பாதியை உங்கள் வீட்டம்மா பையிலும் வையுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் அது கையோடு கேபினுக்குள்தான் வர வேண்டும், கீழே சரக்கு அறையில் உறைந்துபோக வாய்ப்புண்டு.

அப்புறம், எல்லா நாட்டிலும் எல்லா மருந்தும் செல்லாது. ஜப்பானுக்குள் சீட்டு மருந்து ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரைக்கு அங்கே அனுமதியே இல்லை. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகள், இருமல் மருந்துகளுக்கு முன் அனுமதி வேண்டும், வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கிப் பார்க்கிற திட்டம் இருந்தால் கவனியுங்கள்.

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஒரு குட்டி மின்சார குக்கர், இவை இல்லாமல் எங்கள் அப்பா வாசலைத் தாண்ட மாட்டார். என்ன செய்ய?
(சென்னை வாசகி)

பொடி சரி. நாங்களே 200 கிராம் கொண்டுபோனோம், ஜப்பானில் அதுதான் கைகொடுத்தது, ஏனென்றால் அங்கே காய்கறி சூப் என்று நம்பிக் குடிப்பதிலும் மீன் வடித்த சாறு இருக்கும், சைவக்காரர்களுக்குச் சோறும் பொடியும்தான் கதி. அமெரிக்கா போகும் விமானத்தில் மட்டும் கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், திருப்பியும் விடலாம். புளிக்காய்ச்சல் சோதனைக்காரர் கண்ணுக்குத் திரவம், ஊறுகாயும் அப்படித்தான். பெருவில் கவலையே வேண்டாம், தினமும் சோறு, தினமும் மிளகாய். மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்ததுதானே.

நாடு விட்டு நாடு போகும்போது தின்பண்டத்தை மறைக்காமல் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். நியூசிலாந்தில் ஒரு பழத்தைச் சொல்லாமல் கொண்டுபோனால்கூட அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள் கூடாது, பால்கோவா உட்பட. எமிரேட்ஸுக்குக் கசகசா கொண்டுபோவது போதைப்பொருள் வழக்கு. கொப்பரைத் தேங்காயையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், எண்ணெய்ப் பசையில் தானாகத் தீப்பிடிக்கும் என்று.

குக்கரை மட்டும் அப்பாவிடம் பேசிப் பாருங்கள். நம் ஊரில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. பாதி வோல்ட்டில் போட்டால் சூடு கால்வாசிதான் வரும், அரிசி ஊறுமே தவிர வேகாது. செல்போன் சார்ஜர் அப்படி இல்லை, அதன் மேலே பொடி எழுத்தில் 100-240 என்று போட்டிருக்கும், ஊசி மாற்றும் அடாப்டர் ஒன்று இருந்தால் உலகம் முழுக்க ஓடும்.

பவர் பேங்க் எவ்வளவு பெரியது எடுக்கலாம்?
(திருச்சி வாசகர்)

தேவைக்கு 10,000 எம்ஏஹெச் போதும், 200 கிராம்தான். சட்டத்துக்கு 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஹெச் என்றால் அதை உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர், அதுவும் பரவாயில்லை. கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடவே கூடாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் தீப்பற்றிய பிறகு பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லிவிட்டன.

எடை குறைவாகப் போவது தெரிந்தால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? "உங்களிடம்தான் இடம் இருக்கிறதே" என்பார்களே!
(ஈரோடு வாசகி)

அனுபவித்து எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் கலிஃபோர்னியா போகிறோம் என்று தெரிந்ததும் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் அக்கா மகளுக்காக வீட்டுக்கு வந்து சேர்ந்தவை: முறுக்கு இரண்டு கிலோ, கவரிங் செட், பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, ஒரு பணியாரக் கல். இரும்பில். நாங்கள் ஜப்பான் வழியாகப் போகிறோம், ஆறு வாரம் கழித்துத்தான் அங்கே போய்ச் சேருவோம் என்று சொன்னால், "முறுக்கு கெடாது" என்று பதில் வருகிறது. கடைசியில் நான் செய்தது, எங்கள் பைகளைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கட்டி, கூடத்தில் தராசின் மேல் வைத்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் முள்ளைப் பார்த்தார்கள். அக்கா ஒரு மாதம் பேசவில்லை, பணியாரக் கல் தபாலில் போய்ச் சேர்ந்தது. கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன், ஒட்டி மூடிய பொட்டலம் எதையும், யார் தந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். விமான நிலையத்தில் அது உங்கள் பொட்டலம்.

காகிதங்களில் எதை விடலாம்?
(புதுச்சேரி வாசகர்)

எதையும் விடக்கூடாது, 300 கிராம்தானே. ஆறு மாதத்துக்கு மேல் ஆயுளுள்ள பாஸ்போர்ட், நிறைய காலிப் பக்கங்களோடு. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. எல்லோரும் மறப்பது மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை. பெரு, பிரேசில், கென்யா மாதிரி நாடுகளுக்குப் போய்விட்டு ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே அந்த அட்டையைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஆனால் 2016-லிருந்து ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

திரும்பி வரும்போது உங்கள் பையின் எடை என்ன? உண்மையைச் சொல்லுங்கள்.
("பொய் சொல்லாதீர்கள்" என்று எழுதிய அதே வாசகர்)

6 கிலோ 700. ஸ்வெட்டர் ஏறியது, பனியன் இரண்டு இறங்கியது, பொடி தீர்ந்தது. கைலியும் போய்விட்டது. லிஸ்பனில் அல்ஃபாமா பகுதியில் நாலாவது மாடியில் தங்கியிருந்தோம், அங்கே எல்லார் வீட்டிலும் ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டித்தான் துணி காயப்போடுகிறார்கள், நானும் போட்டேன், கிளிப் மாட்டவில்லை. காற்றில் பறந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் எதிர்வீட்டுக் கீழ்த்தள ஜன்னலில் கச்சிதமாகத் திரைச்சீலையாகத் தொங்குகிறது. போய்க் கேட்கலாம் என்றால், போர்ச்சுகீசிய மொழியில் கைலிக்கு என்ன சொல்வது?